பயிற்சியில் பிசகாத ஆக்சல் போட்டியில் மட்டும் ஏன் காற்றிலேயே திறந்துவிடுகிறது?

ஸ்கேட்டர் அம்மா எழுதியது:

வணக்கம். என் மகளுக்குப் பதினைந்து வயது. பனித்தளத்தில் இசைக்கு ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூனியர் பிரிவில் போட்டியிடுகிறாள். பயிற்சியில் டபுள் ஆக்சலை, அதாவது முன்னோக்கி எழும்பிக் காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றும் ஜம்ப்பை, தூக்கக் கலக்கத்தில்கூடப் போட்டுவிடுவாள். மூன்று சுற்று ஜம்ப்பான டிரிபிள் சால்கோவும் பெரும்பாலும் சுத்தமாக இறங்குகிறது. போட்டி என்று வந்துவிட்டால் ஆக்சலுக்கு மேலே எழும்பியவுடனே கைகள் விரிந்து உடம்பு திறந்துவிடுகிறது. ஒற்றை ஆக்சலாக, ஒன்றரைச் சுற்றோடு இறங்கிவிடுகிறாள்.

அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அடுத்த அரை நிமிடம் அவள் அங்கே இருப்பதாகவே தெரிவதில்லை. ஒரே இடத்தில் சுழலும் சுலபமான ஸ்பின்னில் நிலை தடுமாறுகிறது, கால் அசைவுகளின் தொடரான ஸ்டெப் சீக்வென்ஸில் இசைக்குப் பின்தங்கிவிடுகிறாள். கடந்த போட்டி முடிந்த பிறகு, “காது அடைத்துக்கொண்டதுபோல இருந்ததம்மா, இசையே கேட்கவில்லை” என்றாள்.

நுட்பத்தில் குறை எதுவும் இல்லை என்கிறார் அவளுடைய பயிற்சியாளர். சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் “மனதைத் திடப்படுத்திக்கொள்” என்கிறார்கள். எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்த போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. இந்த ஆறு வாரத்தில் என்ன செய்யலாம்? தாயாக நான் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?

பழைய பயிற்சியாளர் எழுதியது:

சகோதரி, உங்கள் மகளுக்கு மனத் துணிவு குறைவு என்று நான் நினைக்கவில்லை. பயிற்சியில் அவள் தினமும் பழகுவது ஒன்று, போட்டியில் அவளிடம் கேட்கப்படுவது வேறொன்று. அவ்வளவுதான் சிக்கல்.

ரிங்க்கின் ஓரத்தில் நின்று ஒரு நாள் பாருங்கள். அவள் ஆக்சலைப் பிசகினால் என்ன செய்கிறாள்? உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வளைவு சுற்றி வந்து அதே இடத்தில் மறுபடி போடுவாள். அதுவும் பிசகினால் இன்னொரு சுற்று. நல்லதாக ஒன்று இறங்கிய பிறகுதான் மனம் ஆறி அடுத்ததற்குப் போவாள். ஏறக்குறைய எல்லா ஸ்கேட்டர்களும் இப்படித்தான் பழகுகிறார்கள், பயிற்சியாளர்களும் அதை விடாமுயற்சி என்று பாராட்டுகிறோம். ஆனால் அந்த உடம்பு கற்றுக்கொள்வது “பிசகினால் இன்னொன்று இருக்கிறது” என்பதை. போட்டியில் இன்னொன்று கிடையாது. பிசகிய பிறகும் இசை ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நிலைமையை அவள் பயிற்சியில் சந்தித்ததே இல்லை என்பதால்தான் அந்த அரை நிமிடம் காணாமல் போகிறது.

ஆகவே ஆறு வாரத்துக்கு என் முதல் யோசனை, ஒரே ஒரு வாய்ப்பைப் பழக்குவது. ஒவ்வொரு பயிற்சி நாளிலும் உடல் சூடானதும் முதல் வேலையாக, இசையோடு, தன் புரோகிராமின் முதல் மூன்று அம்சங்களை (ஜம்ப், ஸ்பின் போன்றவை) மட்டும் போடட்டும். ஆக்சல் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அடுத்த அம்சத்துக்குப் போயே தீர வேண்டும். முடிந்ததும் தடுப்புச் சுவர் பக்கம் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைய மற்ற வேலையைப் பார்க்கட்டும். பிசகிய ஜம்ப்பை உடனே திரும்பிப் போய்ப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆக்சலைத் திருத்தும் வேலைக்கு வேறொரு நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். முதல் வாரம் இது அவளுக்குப் பெரும் எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலோடு அடுத்த ஸ்பின்னுக்குள் நுழைவதுதான் பயிற்சியே.

மூன்றாவது வாரத்திலிருந்து முழு ரன்-த்ரூ, அதாவது புரோகிராமை முதலிலிருந்து கடைசி வரை ஆடிப் பார்ப்பது. போட்டியின் இரண்டு ஆட்டங்களில் முதலில் வரும் ஷார்ட் புரோகிராம் 2 நிமிடம் 40 வினாடி, அடுத்து வரும் ஜூனியர் ஃப்ரீ ஸ்கேட் 3 நிமிடம் 30 வினாடி. எது நடந்தாலும் இடையில் நிறுத்தாமல் கடைசி நிலை வரைக்கும் போக வேண்டும். வாரத்தில் ஒரு முறை போட்டி உடையிலேயே செய்யட்டும். துணி தோளில் இழுப்பது, தலையலங்காரம் ஸ்பின்னில் அசைவது எல்லாம் போட்டியன்று புதிதாகத் தெரியக் கூடாது.

அடுத்தது, திறந்துவிடும் பழக்கம். பயந்து திறப்பதை உடம்பு பாதுகாப்பான வழியாக எடுத்துக்கொள்கிறது. அவளோடு உட்கார்ந்து புள்ளிக் கணக்கைப் பாருங்கள். ஷார்ட் புரோகிராமில் ஆக்சல் கட்டாய அம்சம். ஒற்றை ஆக்சலாகிவிட்டால் மதிப்பு பூஜ்யம். அதையே இரண்டரைச் சுற்றும் முழுதாகச் சுற்றி விழுந்தால்? 2018-19 பருவத்தில் வந்த மதிப்பெண் முறைப்படி டபுள் ஆக்சலின் அடிப்படை மதிப்பு 3.30. விழுந்ததற்கு நடுவர்கள் தரும் தரப் புள்ளி மிகக் குறைந்த மைனஸ் ஐந்து என்றால் பாதி போய்விடும், 1.65 மிஞ்சும். விழுகைக்கு ஒரு புள்ளி கழிவு. ஆக 0.65. ஃப்ரீ ஸ்கேட்டில் ஆக்சலுக்கு இந்தக் கணக்கு புரண்டுவிடும் என்பது உண்மை. ஒற்றை ஆக்சலுக்கு அங்கே 1.10 அடிப்படை மதிப்பு உண்டு. ஆனால் அங்கேயும் டிரிபிள் சால்கோவைப் பாருங்கள்: 4.30 மதிப்புள்ள அதை முழுதாகச் சுற்றி விழுந்தால் 1.15, பயந்து ஒற்றையாக்கினால் 0.40. புள்ளியை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு முறை திறந்தால் அடுத்த போட்டியிலும் அதே நொடியில் திறக்கத் தோன்றும். நன்றாகத் தெரிந்த ஜம்ப்பை முழுதாகச் சுற்றி விழுந்தவள் அடுத்த தடவை இறங்கிவிடுகிறாள். இதை எத்தனையோ பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன்.

ஆக்சலுக்குள் போகும்போது மனதில் என்ன சொல்லிக்கொள்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். “திறக்காதே”, “விழாதே” என்றால் அதை மாற்ற வேண்டும். செய்யக் கூடாததைச் சொன்னால் உடம்புக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஒரே ஒரு சொல் போதும், அதுவும் செய்ய வேண்டியதைச் சொல்வதாக இருக்க வேண்டும். ஆக்சலில் அவசரப்படுகிற பிள்ளைகளுக்கு, இடது கால் பிளேடின் வெளி விளிம்பில் சறுக்கும்போது “பொறு” என்ற சொல்லைக் கொடுப்பேன். வலது முழங்கால் முன்னே ஏறும் அந்தக் கணத்துக்கு “மேலே”. கை, தோள், இடுப்பு, தலை என்று நாலைந்து திருத்தங்களை ஒரே ஜம்ப்பில் நினைத்துக்கொண்டு போனால், பழகிய அசைவுகூடத் துண்டு துண்டாகிவிடும். பதற்றத்தில் தேர்ந்தவர்களும் தடுமாறுவதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம் என்று விளையாட்டு உளவியலில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக மனக்காட்சி. படுக்கையில் கண்ணை மூடிப் பத்து நிமிடம் கனவு காண்பதை நான் மனக்காட்சி என்று சொல்ல மாட்டேன். எழுந்து நின்று, இசையைப் போட்டு, கைகளை அசைத்து, உள்ளிருந்து பார்ப்பதுபோல முழுப் புரோகிராமையும் மனதில் ஆட வேண்டும். பிறகு இசை இல்லாமல், கையில் ஸ்டாப்வாட்சோடு ஒரு தடவை. மூன்றரை நிமிடப் புரோகிராம் மனதில் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டால், எங்கோ ஒரு பகுதியைத் தாண்டிக் குதித்திருக்கிறாள் என்று பொருள். பெரும்பாலும் அது அவள் அஞ்சுகிற இடமாகவே இருக்கும்.

1998-இல் கார்சா, ஃபெல்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இளம் ஃபிகர் ஸ்கேட்டர்களை வைத்தே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழு புரோகிராமைத் தாளில் வரைந்து பழகியது, இன்னொரு குழு தரையில் நடந்து பார்த்தது. வெறும் உடல் நீட்சிப் பயிற்சி செய்த குழுவை விட இந்த இரு குழுக்களும் முன்னேற்றம் கண்டன. போட்டி குறித்த நம்பிக்கையும் கூடியது. தாளும் பென்சிலும் போதும். ரிங்க்கின் நீள்வட்டத்தை வரையச் சொல்லி, எந்த இடத்தில் எந்த ஜம்ப், எங்கே மூச்சை இழுத்து விடுகிறாள் என்று அவளே குறிக்கட்டும்.

இடது விளிம்பு எழுதியது:

அம்மா, நான் சீனியர் பிரிவில் இன்னும் போட்டியிட்டுக்கொண்டிருக்கிறேன். பயிற்சியாளர் அம்மா சொன்ன அந்த ஒரே வாய்ப்பு முறையை அப்படியே ஆதரிக்கிறேன். மனக்காட்சி பற்றி மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். எனக்குக் கண்ணை மூடினால் படம் எதுவும் வருவதில்லை. சின்ன வயதில் இதனால் எனக்கு ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துக் கலங்கியிருக்கிறேன். எனக்கு வருவது ஒலி. ஆக்சலுக்கு முன் பிளேடு எழுப்பும் அந்த நீண்ட உரசல், பிறகு நிசப்தம், பிறகு இறங்கும் ஒலி. சால்கோவுக்கு அது வேறு தாளம். உங்கள் மகளுக்கும் படம் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஒலியோ கால் உணர்வோ எது வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளட்டும்.

காது அடைத்துக்கொண்டது என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிகிறது. எனக்கு அது நடப்பது மூச்சை அடக்கும்போது. ஆக்சலுக்கு முன்பே மூச்சைப் பிடித்துவிடுகிறோம், பிசகினால் விட மறந்துவிடுகிறோம். இப்போது என் புரோகிராமில் ஒவ்வொரு ஜம்ப்புக்குப் பிறகும் இறங்கும் நிலையிலேயே வாயால் ஊதி மூச்சை விடுகிறேன், இறங்கினாலும் விழுந்தாலும். இதை நடன அசைவு மாதிரியே புரோகிராமில் எழுதி வைத்துப் பழகினேன். மூச்சு வெளியே போனதும் இசை மறுபடி கேட்கத் தொடங்கும். அடுத்த அசைவில் கை எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் பார்ப்பேன். போன ஜம்ப்பைப் பற்றி யோசிக்கப் புரோகிராம் முடிந்த பிறகு நேரம் இருக்கிறது.

யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராத ஒன்றும் உண்டு. நாம் பனிக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, முன்னால் ஆடியவரின் மதிப்பெண் அறிவிக்கப்படும். அரங்கம் ஆர்ப்பரிக்கும், அல்லது சப்பென்று அடங்கும். அந்த எண் காதில் விழுந்தால் மனம் தானாகக் கணக்குப் போடும். அதைத் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை வைத்திருங்கள். நான் ஆக்சல் போடும் மூலைக்குப் போய், பனியில் பள்ளம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுசுரு ஹன்யூவின் பிளேடு முந்தைய ஆட்டங்களில் உண்டான பள்ளத்தில் மாட்டி, ஷார்ட் புரோகிராமில் அவருடைய நான்கு சுற்று ஜம்ப்பான குவாட் சால்கோ ஒற்றையாகிப் போனது. அந்த அம்சத்துக்குப் புள்ளியே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இருந்த கூட்டு ஜம்ப்பையும் (இரண்டு ஜம்ப்பை இடைவிடாமல் அடுத்தடுத்துப் போடுவது) ஆக்சலையும் அவர் எப்படிப் போட்டார் என்று மகளோடு சேர்ந்து பாருங்கள். பெயர் அழைத்ததிலிருந்து 30 வினாடிக்குள் தொடக்க நிலைக்கு வந்துவிட வேண்டும். அந்த அரை நிமிடத்தை முழுதாக எடுத்துக்கொள்ளப் பழகட்டும். பயத்தில் பத்து வினாடியிலேயே போய் நின்றுவிடுபவர்கள்தான் அதிகம்.

வரிசை ஆறு எழுதியது:

சகோதரி, நானும் ஒரு ஸ்கேட்டரின் அப்பா. தாயாக என்ன செய்யக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

பயிற்சியில் அவள் இறக்கும் ஜம்ப்புகளைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து எண்ணாதீர்கள். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். என் மகன் ஒவ்வொரு ஜம்ப்புக்குப் பிறகும் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். போட்டியன்று “இன்றைக்கு ஆக்சல் வந்துவிடும்” என்று தைரியம் சொல்வதும் வேண்டாம். ஆக்சலை நினைவுபடுத்தியதுதான் மிச்சமாகும். போட்டி முடிந்ததும் ஜம்ப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். அவள் பேசினால் கேளுங்கள். அலசுவதற்குப் பயிற்சியாளர் இருக்கிறார். முதல் நாள் இரவு தூக்கம் வரவில்லை என்றால் அதைப் பெரிதாக்காதீர்கள். அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் ஒரு இரவு கெட்டுப்போவதால் உடம்பு கவிழ்ந்துவிடாது.

இன்னொன்றையும் மனதாரச் சொல்கிறேன். சாப்பாட்டைத் தவிர்ப்பது, எடையைப் பற்றியே பேசுவது, விளையாட்டே வேண்டாம் என்று அழுவது, காயத்துக்குப் பிறகு ஒரு ஜம்ப்பின் பக்கமே போக மறுப்பது போன்றவை தென்பட்டால், இந்த மன்றத்து யோசனைகளை ஒதுக்கி வைத்துவிட்டு உளவியல் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த விளையாட்டில் உடல் தோற்றம் பற்றிய அழுத்தம் மிகக் கொடியது. பிள்ளைகள் வெகு நாள் மறைத்து வைத்திருப்பார்கள்.

ஸ்கேட்டர் அம்மா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சாப்பாடு, தூக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் எண்ணுவதை இன்றோடு விட்டுவிட்டேன். தாளில் வரையச் சொன்னேன். ஸ்டெப் சீக்வென்ஸின் நெளிவெல்லாம் அழகாக வரைந்தவள், ஆக்சல் இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டாள். நுழைவுக் கோடும் இல்லை, வெளியேறும் கோடும் இல்லை. பயிற்சியாளர் அம்மா, இதற்கு ஏதாவது பொருள் உண்டா? இன்னொரு கேள்வி. போட்டிக்குச் சற்று முன் பனியில் உடம்பைச் சூடாக்கும் வார்ம்-அப் நேரத்தில் ஆக்சல் இறங்காவிட்டால் இறங்கும் வரைக்கும் போட்டுக்கொண்டே இருக்கிறாள், களைத்துவிடுகிறாள். கடைசி ஆளாக ஆடும் முறை வந்தால் காத்திருப்பதும் பெரும் வேதனை.

பழைய பயிற்சியாளர் எழுதியது:

பொருள் உண்டு, சகோதரி. அவளுக்கு ஆக்சல் தனியாக நிற்கிற ஒரு பரீட்சை. புரோகிராமின் ஓட்டத்தில் அது ஒட்டவே இல்லை. அந்தப் பெருக்கல் குறிக்கு முன்னால் இருக்கும் வளைவையும், இறங்கிய பிறகு பின்னோக்கிச் சறுக்கும் நீண்ட வளைவையும் வரையச் சொல்லுங்கள். பிறகு தரையில், காலணியோடு, அந்த மூன்றையும் ஒரே அசைவாக இசைக்கு நடந்து பார்க்கட்டும். பிசகினால் என்ன கோடு என்பதையும் வேறு நிறத்தில் வரையட்டும். கூட்டு ஜம்ப்பின் இரண்டாவது பாதி விட்டுப்போனால் அதை எந்த ஜம்ப்போடு பின்னால் சேர்ப்பது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். ஓடும் இசையில் யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்காது. அவளுடைய பயிற்சியாளரைக் கலந்துகொண்டு வரையுங்கள், ஏனென்றால் ஒரே ஜம்ப்பைத் திரும்பப் போடுவதற்கு விதிகளில் வரம்பு உண்டு.

வார்ம்-அப் ஆறு நிமிடம். ஆறு பேர் ஒரே பனியில் இருப்பார்கள், அவள் மூலை காலியாக இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. முதல் நிமிடம் வேகமாகச் சறுக்கி விளிம்புகளை உணரட்டும், ஜம்ப் வேண்டாம். பிறகு ஒற்றை ஆக்சல் ஒன்று, டபுள் ஆக்சல் அதிகபட்சம் மூன்று முயற்சி. மூன்றும் பிசகினாலும் சால்கோவுக்குப் போக வேண்டும். வார்ம்-அப்பில் இறங்கிய ஆக்சல் போட்டியில் இறங்கும் என்பதற்கும், பிசகியது பிசகும் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் கிடையாது. இதை அவள் நம்புவதற்கு ஒரே வழி, பயிற்சியிலேயே இந்த மூன்று முயற்சி வரம்பை வைத்து, மூன்றாவது பிசகிய நாட்களிலும் ரன்-த்ரூவைச் செய்யவைப்பதுதான். கடைசி நிமிடத்தில் ஜம்ப் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்பின், தொடக்க அசைவுகள், நீண்ட மூச்சு. முதல் ஆளாக ஆடும் முறை வந்தால் ஐந்தாவது நிமிடத்தோடு ஓரத்துக்கு வந்து மூச்சை ஆற்றிக்கொள்ளட்டும்.

கடைசி ஆள் என்றால் காத்திருப்பு அரை மணி நேரம் வரைகூட நீளலாம். இதையும் ஒத்திகை பார்க்கலாம். ஒன்று முதல் ஆறு வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றை அவளே எடுக்கட்டும். ஆறு வந்தால், ஆறு நிமிட வார்ம்-அப்புக்குப் பிறகு பனியை விட்டு வெளியே வந்து அத்தனை நேரமும் காத்திருந்து, பிறகு நேராக ரன்-த்ரூவுக்கு இறங்க வேண்டும். வெளியே வந்ததும் லேஸைத் தளர்த்திக் காலுக்கு ரத்தம் ஓட விடலாம். மற்றவர்கள் ஆடுவதைத் திரையில் பார்க்க வேண்டாம். தனக்கு முன் இரண்டு பேர் இருக்கும்போது எழுந்து, கயிறு தாண்டியோ தரையில் ஜம்ப் செய்தோ உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, லேஸை மறுபடி கட்டட்டும். அதை அவளே கட்ட வேண்டும். பதற்றத்தில் கை நடுங்கும்போது அளவுக்கு மீறி இறுக்கிவிடுவார்கள், கணுக்கால் மடங்காது, ஆக்சலுக்கு முழங்கால் இறங்காது. பயிற்சியில் எந்தக் கொக்கியில் எவ்வளவு இறுக்கம் என்பதை விரலால் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

நெஞ்சு படபடப்பதைப் பற்றி அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அது போகாது, போகவும் வேண்டாம். ஜம்ப் எழும்ப அந்த வேகம் தேவைதான். படபடப்பு வந்ததும் “ஐயோ, ஆரம்பித்துவிட்டது” என்று நினைக்கிற பிள்ளைக்கும், “உடம்பு தயாராகிறது” என்று நினைக்கிற பிள்ளைக்கும் நாடித் துடிப்பு ஒன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டாமவள் முழங்காலை மடக்கி வேகமாக உள்ளே போவாள்.

ஒரு நாள் கெட்டால் எல்லாம் போயிற்று என்று அவள் எண்ணினால், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜப்பானின் மாவோ அசாடா ஆடிய இரண்டு நாட்களையும் வரிசையாகப் பார்க்கவையுங்கள். ஷார்ட் புரோகிராமில் முதல் அம்சமான டிரிபிள் ஆக்சலிலேயே விழுந்து பதினாறாவது இடம். மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்டில் அதே டிரிபிள் ஆக்சலை இறக்கி, 142.71 புள்ளிகளோடு அதுவரை தான் எடுத்ததிலேயே உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்து மொத்தத்தில் ஆறாவது இடத்துக்கு வந்தார். பதக்கம் கிடைக்கவில்லைதான். ஆனால் நேற்று தன்னை வீழ்த்திய ஜம்ப்புக்குள் அவர் எவ்வளவு வேகத்தோடு நுழைகிறார் என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி மூன்று நாட்களில் ரன்-த்ரூக்களைக் குறைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் திருத்த வேண்டாம் என்று அவளுடைய பயிற்சியாளரிடமும் பணிவாகப் பேசிப் பாருங்கள். முதல் ஒத்திகைக்கு எந்தச் சீட்டு வந்தது, ஆக்சலுக்குப் பிந்தைய ஸ்பின் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். ஆக்சல் இறங்கியதா என்பதை நான் இப்போதைக்குக் கேட்கவில்லை.